நுவரெலியா அபார்ட்மென்ட்: மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 14இல் இருந்து 22 ரூபாய், யாரிடம் கணக்குக் கேட்பது?

சிங்கிள்ட்ரீ சாரல் (கேள்வி)

நுவரெலியா நகரத்தை ஒட்டி, சரிவில் கட்டிய 6 மாடிக் கட்டடம். மொத்தம் 36 வீடு. 29 விற்றாகிவிட்டது, 7 இன்னும் கட்டியவர் கையில் இருக்கிறது. லிப்ட் ஒன்று, 100 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்று, கீழே கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டி. பின்பக்கம் முழுக்க மண்ணைத் தாங்கி நிற்கும் கொங்கிரீட் சுவர்.

வீடுகளின் மொத்தப் பரப்பு 32,400 சதுர அடி. என் வீடு 850. மாதக் கட்டணம் சதுர அடிக்கு 14 ரூபாயாக இருந்தது. இந்த மாதம் 22 ஆக்கி, அதற்கு மேல் 18 வீதம் வற் (பெறுமதி சேர் வரி) போட்டு 22,066 ரூபாய்க்கு பில் வந்திருக்கிறது. காரணம் கேட்டதற்கு மெனேஜ்மென்ட் கம்பனி ஒரு பக்கத்தில் இந்தக் கணக்கை அனுப்பியது:

செக்கியூரிட்டி 264,000
துப்புரவு, தோட்டம் 96,000
ஜெனரேட்டர் டீசல், சேர்விஸ் 92,000
லிப்ட் 38,000
பொது மின்சாரம் 61,000
கழிவுநீர், தண்ணீர் பம்ப் 45,000
நிர்வாகக் கட்டணம் 71,000
இதர செலவு 45,800
மொத்தம் 712,800

பகலில் காவலாளி ரெண்டு பேர், இரவில் ஒருத்தர். போன மாதம் கரண்ட் போனது எல்லாம் சேர்த்துப் பத்து மணித்தியாலம் வராது. வீடு வாங்கும்போது ஒவ்வொருவரிடமும் சிங்கிங் ஃபண்ட் (பின்னால் வரும் பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதி) என்று 150,000 ரூபாய் வாங்கினார்கள். இதுவரை பொதுக்கூட்டம் நடக்கவில்லை. கட்டாவிட்டால் தண்ணீரை நிறுத்துவோம் என்று நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். பெரும்பாலான சொந்தக்காரர் கொழும்பிலும் வெளிநாட்டிலும். எங்கே தொடங்குவது?

பதிவுப் புத்தகம்

தம்பி, கம்பனியோடு மல்லுக்கட்ட முந்தி ஒரு விஷயம். உங்கள் கட்டடத்துக்கு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இருக்கா இல்லையா என்று தெரிஞ்சுக்கணும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அடுக்குமாடி வீட்டு உரிமைக்கு இங்கே அடிப்படை 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். 1982, 1999, 2003ஆம் ஆண்டுகளில் திருத்தியிருக்கு. கூட்டாதன வரைபடம் (அடுக்குமாடியை வீடு வீடாகப் பிரித்துக் காட்டுகிற கொண்டோமினியம் பிளான்) காணிப் பதிவகத்தில் பதிவானதும் சட்டப்படியே ஒரு கூட்டுத்தாபனம் உருவாகிடும். யாரும் தனியாகக் கம்பனி பதிய வேண்டாம். வீட்டுச் சொந்தக்காரர் எல்லாரும் அதன் அங்கத்தவர். பொது இடங்களைப் பராமரிக்கிறது, நிதி சேர்க்கிறது, வழக்குப் போடுறது எல்லாம் அந்தக் கூட்டுத்தாபனத்தின் அதிகாரம். மெனேஜ்மென்ட் கம்பனி அது வைத்திருக்கிற கொந்தராத்துக்காரர், அவ்வளவுதான். கட்டணத்தைக் கூட்டுகிற அதிகாரம் கொந்தராத்துக்காரருக்குக் கிடையாது.

அதனால உங்கள் உறுதியை எடுங்க. அட்டவணையில் வரைபட இலக்கமும், அதை வரைந்த நில அளவையாளர் பெயரும், திகதியும் இருக்கும். அதைக் கொண்டு நுவரெலியா காணிப் பதிவகத்தில் தேடச் சொல்லி, உறுதிப்படுத்திய பிரதி ஒன்று கட்டணம் கட்டி வாங்குங்க. அதில் பார்க்க வேண்டியது ரெண்டு. முதலாவது, அது முழுமையான கூட்டாதன வரைபடமா, அல்லது கட்டடம் முடியும் முன்னே பதிகிற தற்காலிக வரைபடமா என்பது. தற்காலிகம் என்றால் கட்டியவர் முடிச்சுக் கொடுக்க வேண்டிய வேலை இன்னும் பாக்கி. ரெண்டாவது, ஒவ்வொரு வீட்டுக்கும் போட்டிருக்கிற பங்குப் பெறுமதி. சட்டப்படி கட்டணம் பிரிக்க வேண்டியது இந்தப் பெறுமதியின் விகிதத்தில். சதுர அடிக் கணக்கு பெரும்பாலும் அதற்குக் கிட்ட வரும். ஆனால் பெரிய பல்கனி, மொட்டைமாடியோடு சேர்ந்த வீடு, கார் நிறுத்துமிடம் சேர்த்த வீடு என்றால் மாறும். (கீழ்மாடிக்காரர் “நான் லிப்டில் ஏறுறதே இல்லை” என்று சொல்லித் தப்ப முடியாததும் இதனாலதான்.)

விற்காத 7 வீட்டுக்கும் சொந்தக்காரர் கட்டியவரே. அந்த ஏழுக்கும் அவர் மாதாமாதம் கட்டணும். சராசரி 900 சதுர அடி என்று பிடித்தால் 7 × 900 × 22, அதாவது மாதம் 138,600 ரூபாய். கம்பனி காட்டுற 712,800ஐ 32,400ஆல் பிரித்தால் சரியாக 22 வருது. அப்படியென்றால் 36 வீட்டுக்கும் பிரிச்சுத்தான் கணக்குப் போட்டிருக்காங்க. அந்த 138,600 வங்கியில் விழுந்திருக்கா? விழவில்லை, ஆனாலும் கட்டடம் குறையில்லாமல் ஓடுது என்றால், உண்மைச் செலவு 574,200க்குள்தான் இருந்திருக்கணும்.

ஷிப்ட் கணக்கு

அண்ணன் சட்டத்தைச் சொல்லிவிட்டார், நான் அந்த ஒரு பக்கக் கணக்குக்கு வருகிறேன். ரூபாயைப் பார்த்தால் எதுவும் புரியாது. ஷிப்ட், மணித்தியாலம், லீட்டர் என்று மாற்றிப் பாருங்கள்.

செக்கியூரிட்டிக் கம்பனிகள் 12 மணித்தியால ஷிப்டுக்குத்தான் பில் போடும். பகல் இரண்டு, இரவு ஒன்று என்றால் நாளுக்கு 3 ஷிப்ட், 30 நாளைக்கு 90. 264,000ஐ 90ஆல் பிரித்தால் ஷிப்டுக்கு 2,933. அதையே நாளுக்கு 4 ஷிப்ட் என்று 120ஆல் பிரித்தால் மிச்சமில்லாமல் 2,200. பில் இரவிலும் இரண்டு பேருக்குப் போகிறது என்று சந்தேகப்பட இது போதும். சந்தேகம்தான், முடிவு இல்லை. காவலறையில் வருகைப் புத்தகம் இருக்கும். அதையும் செக்கியூரிட்டிக் கம்பனியின் மூலப் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மெனேஜ்மென்ட் கம்பனி டைப் செய்து தரும் சுருக்கத்தை ஏற்க வேண்டாம். ஷிப்ட் விலை மிகக் குறைவாக இருந்தாலும் நல்லதில்லை. சம்பளத்துக்கு மேல் தொழில்வழங்குநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். மலிவாகக் கேட்கும் கம்பனி கைவைப்பது அங்கேதான்.

ஜெனரேட்டர். 100 கேவிஏ இயந்திரம் கால்வாசிச் சுமையில் மணிக்கு 7 லீட்டர் அளவிலும், அரைச் சுமையில் 12 லீட்டர் அளவிலும் குடிக்கும். 92,000இல் சேர்விஸுக்கு 20,000ஐக் கழித்துவிடுங்கள். மிச்சம் 72,000. டீசல் லீட்டர் 280 என்று வைத்தால் 257 லீட்டர். அதாவது குறைந்தது 21 மணித்தியாலம், சுமை குறைவென்றால் 36 மணித்தியாலம் ஓடியிருக்க வேண்டும். நீங்கள் சொல்வதோ பத்துக்கும் குறைவு. வாராந்தச் சோதனை ஓட்டம் 15 நிமிடப்படி மாதம் ஒரு மணித்தியாலம்தான் கூடும்.

கன்ட்ரோல் பேனலில் மணித்தியால மீட்டர் இருக்கிறது. மாதம் முதலாம் திகதியும் கடைசித் திகதியும் படம் பிடித்து வையுங்கள். தொட்டியின் டீசல் மட்டத்தையும் அளவுக்கோலோடு சேர்த்துப் பிடியுங்கள். சேர்விஸும் இதே மீட்டரில்தான் ஓடுகிறது. பொதுவாக 250 மணித்தியாலம் அல்லது 12 மாதம், எது முந்தியோ அப்போது ஒயிலும் ஃபில்டரும் மாற்றுவார்கள். மாதாமாதம் “ஜெனரேட்டர் சேர்விஸ்” என்று பில் வந்தால் எந்த ஃபில்டர் மாறியது என்று கேளுங்கள், பழையதைக் காட்டச் சொல்லுங்கள்.

இந்த உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, அதனால்தான் டீசல் கூடப் போகிறது என்று ஒரு பதில் வரும். 1,868 மீற்றரில் இயந்திரத்தின் வலு குறையும், அது உண்மை. அதற்காகத்தான் இங்கே ஒரு அளவு பெரிய இயந்திரம் வாங்கிப் போடுகிறோம். டீசல் இரட்டிப்பாவதற்கு உயரம் காரணமில்லை.

நிர்வாகக் கட்டணம் 71,000 என்பது மொத்தத்தில் ஏறக்குறைய 10 வீதம். செலவு ஏற ஏற அவர்கள் கட்டணமும் ஏறும் என்றால் செலவைக் குறைக்க யார் மெனக்கெடுவார்? ஒப்பந்தத்தை வருடத்துக்கு ஒரு நிலையான தொகையாக மாற்றுங்கள்.

வற் விஷயத்தில் கவனமாக இருங்கள். 2024 ஜனவரி 1 முதல் வீதம் 18. ஆனால் செக்கியூரிட்டி, லிப்ட் பில்களில் ஏற்கெனவே வற் சேர்ந்திருக்கலாம். அந்த வற்றையும் செலவில் ஏற்றி, மொத்தத்துக்கு மறுபடி 18 போட்டால் வரிக்கு வரி கட்டுகிறீர்கள். பில்லில் வற் பதிவிலக்கம் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் வற் அறவிட அவர்களுக்கு உரிமையே இல்லை. இருந்தால் அந்த இலக்கத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் சரிபாருங்கள்.

கண்டி வீதி

எல்லாக் கம்பனியும் திருடன் இல்லை என்பதையும் ஒருவர் சொல்ல வேண்டும். 14 ரூபாய் என்பதே விற்பனைக்காகக் குறைத்து வைத்த விலையாக இருக்கலாம். புதுக் கட்டடத்தில் முதல் ஒன்றிரண்டு வருடம் லிப்டும் பம்பும் உத்தரவாதத்தில் ஓடும், செலவே தெரியாது. உத்தரவாதம் முடிந்த பிறகுதான் உண்மை விலை.

லிப்டுக்கு 38,000 என்றால் ஒப்பந்தத்தின் வகையைக் கேளுங்கள். உதிரிப்பாகம் உட்பட்டதென்றால் நல்ல விலை. வெறும் சேர்விஸ் மட்டுமென்றால் கம்பி வடம், பிரேக், கதவு மோட்டார், கரண்ட் போனால் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய் நிறுத்தும் பற்றரி எல்லாவற்றுக்கும் தனி பில் வரும். சரிவில் கட்டிய கட்டடங்களில் இன்னொன்று: மழைக் காலத்தில் லிப்ட் குழிக்குள் ஊற்று நீர் கசியும். அடியிலுள்ள ஸ்பிரிங் துருப்பிடிக்கும், பாதுகாப்பு சுவிட்ச் நனைந்து லிப்ட் திடீரென நிற்கும். லிப்ட் கம்பனி வந்து சுவிட்சை மாற்றிப் பில் போட்டுவிட்டுப் போகும், அடுத்த மழைக்குத் திரும்பவும் வரும். குழியின் சுவருக்கு நீர்காப்புப் பூசி, சிறிய பம்ப் ஒன்று வைக்காமல் அந்தப் பில் நிற்காது. அந்த வேலை லிப்ட் ஒப்பந்தத்தில் இல்லை, கட்டியவரின் குறை. உத்தரவாதக் காலத்துக்குள் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

கழிவுநீர்த் தொட்டிக்கு நுவரெலியாக் குளிரில் காற்று ஊதும் ப்ளோவர் நாள் முழுக்க ஓடணும். கிருமிகள் குளிரில் மெதுவாகத்தான் வேலை செய்யும். கரண்ட் பில்லைக் குறைக்க இரவில் ப்ளோவரை நிறுத்துவார்கள், வாடை வரும், பிறகு கல்லி பவுசர் (கழிவை உறிஞ்சி எடுக்கும் லொறி) கூப்பிட்டு அதற்குப் பில். பவுசர் எத்தனை தடவை வந்தது என்று ரசீதில் பாருங்கள். ஏப்ரல் சீசனில் ரெண்டு மடங்கு வருவது இயல்பு, ஓகஸ்டில் வந்தால் கேள்வி கேளுங்கள்.

அணைசுவர்

அந்தப் பட்டியலில் என்ன இருக்கு என்று எல்லாரும் பார்க்கிறீங்க. என்ன இல்லை என்று பாருங்க. காப்புறுதி இல்லை. சிங்கிங் ஃபண்டுக்கு மாதப் பங்கு இல்லை. பின்சுவர் பராமரிப்பு இல்லை. 22 ரூபாய் அதிகமா குறைவா என்பதைவிட எனக்கு இதுதான் பயம். ஒழுங்காகக் கணக்குப் போட்டால், ஷிப்டிலும் டீசலிலும் மிச்சம் பிடிக்கிற காசு இந்த மூன்றுக்கும் போகணும்.

2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பிறகு மலையகத்தில் சரிவில் கட்டடம் வைத்திருக்கிற யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. காப்புறுதிப் பத்திரம் முழுக் கட்டடத்துக்கும் கூட்டுத்தாபனத்தின் பெயரில் இருக்கணும். தீ மட்டுமா, வெள்ளமும் மண்சரிவும் சேர்ந்ததா என்று வரி வரியாகப் படியுங்க. காப்புறுதித் தொகை, இன்றைக்குத் திரும்பக் கட்டினால் ஆகிற செலவுக்குச் சமமாக இருக்கணும். பெறுமதியில் 60 வீதத்துக்குத்தான் காப்புறுதி செய்திருந்தால், 10 லட்சம் சேதத்துக்கு 6 லட்சம்தான் தருவாங்க. கட்டியவர் வேலை நடந்த காலத்தில் எடுத்த பத்திரத்தையே காட்டி “இருக்கு, இருக்கு” என்று சொல்வதும் உண்டு. அது கட்டி முடித்ததோடு முடிந்திருக்கும்.

சுவருக்கு வருவோம். கொங்கிரீட் சுவரைத் தள்ளுவது பெரும்பாலும் மண் மட்டும் இல்லை, மண்ணுக்குள்ளே தேங்குகிற தண்ணீர். அதை வெளியே விடத்தான் சுவரில் வரிசையாக பிவிசி குழாய்த் துளைகள். நல்ல மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்க. துளைகளில் தெளிந்த நீர் சொட்டினால் நல்லது. துளை காய்ந்து கிடக்க, நடுச்சுவரில் ஈரத் திட்டும் பச்சைப் பாசியும் படர்ந்திருந்தால் பின்னாலுள்ள கல் வடிகட்டி அடைபட்டிருக்கு. முதலில் கம்பி விட்டுத் துப்புரவு செய்து பாருங்க, சரிவராவிட்டால் புதிதாகத் துளையிட வேண்டிவரும். கலங்கல் நீர் வந்தால் பின்மண் கரைகிறது, அது இன்னும் மோசம். மேட்டுக்கு மேலே மழைநீரைப் பிடித்து ஓரமாக அனுப்பும் கான் ஒன்று இருக்கும். மே மாதத்துக்கு முன்னும் ஒக்டோபருக்கு முன்னும் அதை வெட்டிச் சுத்தம் செய்யணும். அதற்கு ரெண்டு ஆள் கூலிதான். கட்டடத்திலேயே மலிவான பராமரிப்பு அதுதான், ஆனால் எந்தப் பட்டியலிலும் வராது.

சுவர் வெளிப்பக்கம் சாய்வது, மேட்டில் வில் போல வெடிப்பு, புதிதாக ஊற்று, காரணமில்லாமல் கதவு இறுகுவது, இதில் எது கண்டாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்க. கம்பனியிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

சிங்கிள்ட்ரீ சாரல்

எல்லாருக்கும் நன்றி. காணிப் பதிவகத்தில் பார்த்தாகிவிட்டது: முழு வரைபடம், பதிவாகி இருக்கிறது. அப்படியென்றால் கூட்டுத்தாபனம் இருக்கிறது, கூட்டம்தான் கூடவில்லை. கம்பனியிடம் ஒப்பந்தத்தைக் கேட்டால் “எங்கள் ஒப்பந்தம் கட்டியவரோடு, உங்களோடு இல்லை” என்கிறார்கள். இடைக்காலத்தில் பில்லைக் கட்டுவதா வேண்டாமா? தண்ணீர்?

பதிவுப் புத்தகம்

அவங்க அப்படிச் சொன்னதை எழுத்தில் வாங்குங்க, அதுவே உங்கள் பக்கத்துக்கு வலு. ஒப்பந்தம் உங்களோடு இல்லை என்றால் உங்களுக்கு பில் அனுப்புறது எந்த அடிப்படையில்?

முழுக்கக் கட்டாமல் விடாதீங்க. நிலுவைக்காரர் என்று சொல்லிக் கூட்டத்தில் வாயை அடைச்சிடுவாங்க. பழைய 14 ரூபாய்ப்படி 11,900ஐ வங்கி மூலம் கட்டுங்க. குறிப்பில் வீட்டு இலக்கமும் “ஆட்சேபனையுடன்” என்றும் போடுங்க. கையில் காசு கொடுக்கவே வேண்டாம். அதே நாள் பதிவுத் தபாலில் கம்பனிக்கும் கட்டியவருக்கும் ஒரு கடிதம்: ஒப்பந்தப் பிரதி, கடந்த 12 மாத வங்கிக் கூற்று, கொந்தராத்துக்காரரின் மூலப் பில்கள், வீட்டு வாரியாக நிலுவைப் பட்டியல், காப்புறுதிப் பத்திரம், சிங்கிங் ஃபண்ட் இருக்கிற கணக்கின் விவரம். 14 நாள் தவணை கொடுங்க.

சிங்கிங் ஃபண்டை லேசாக விடாதீங்க. 29 × 150,000 என்றால் 4,350,000 ரூபாய். நிலையான வைப்பில் போட்டிருக்கோம் என்று சொன்னால், வட்டியில் பிடித்த வரிக்கு வங்கி கொடுக்கிற சான்றிதழைக் கேளுங்க. வைப்பு கூட்டுத்தாபனத்தின் பெயரிலா கட்டியவரின் பெயரிலா என்று அதில் வந்திடும். கட்டியவரின் பெயரில் இருந்து அவர் கடனில் விழுந்தால், அந்தக் காசுக்கு நீங்களும் வரிசையில் நிற்கணும்.

தண்ணீர் விஷயத்துக்கு: கட்டணப் பாக்கியை அறவிடச் சட்டம் காட்டுற வழி, கூட்டுத்தாபனம் அதைக் கடனாக நீதிமன்றத்தில் கேட்பது. ஒப்பந்தமே இல்லாத கம்பனி வால்வைத் திருகுறது வேறு கதை. நோட்டீஸைப் படம் பிடிச்சு வையுங்க. மீட்டர் மாநகரசபையினுடையதா, ஒரே மொத்த மீட்டரில் இருந்து கம்பனி பிரிக்கிறதா என்று பாருங்க. உங்கள் பெயரில் தனி மீட்டர் என்றால் தைரியமாக இருக்கலாம். மொத்த மீட்டர் என்றால், நிறுத்தினால் உடனே தடையுத்தரவு கேட்க ஒரு சட்டத்தரணியிடம் இப்பவே பத்திரங்களைக் கொடுத்து வையுங்க.

கொழும்பில் இருக்கிற கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபைக்கும் முறைப்பாடு எழுதுங்க. தமிழிலேயே எழுதலாம். கூட்டம் கூடாததையும், கணக்குத் தராததையும், வரைபடப் பிரதியையும் இணையுங்க. அது அரச நிறுவனம், அதனால 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், உங்கள் கட்டடத்துக்கு அங்கே என்ன கோப்பு இருக்கு, கட்டியவர் என்ன கொடுத்திருக்கார் என்று கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் தகவல் அதிகாரி தீர்மானம் சொல்லணும். தனியார் கம்பனியிடம் அந்தச் சட்டம் செல்லாது.

ஷிப்ட் கணக்கு

கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதுதான் உண்மையான தலைவலி. வெளிநாட்டுக்காரருக்குப் பதிலாள் படிவத்தை இப்போதே அனுப்புங்கள்: வீட்டு இலக்கம், உறுதியில் உள்ளபடி பெயர், யாரை நியமிக்கிறார், எந்தக் கூட்டத்துக்கு, கையொப்பம், திகதி. உறுதியில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருந்தால் இருவர் கையொப்பமும் வாங்குங்கள், கூட்டத்தன்று ஆட்சேபிக்க இடமிருக்காது. நிகழ்ச்சிநிரலில் மூன்று போதும்: சபை தெரிவு, கூட்டுத்தாபனத்தின் பெயரில் இரண்டு கையொப்பத்தோடு வங்கிக் கணக்கு, கணக்காய்வாளர் நியமனம். கம்பனியை மாற்றுவதை முதல் கூட்டத்தில் எடுக்காதீர்கள். கட்டியவர் கையில் 7 வீட்டின் வாக்கு இருக்கிறது. சண்டை அங்கே திரும்பினால் மற்ற மூன்றும் நிறைவேறாது.

ஹப்புத்தளை மேடு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் அபார்ட்மென்ட் இல்லை. ஒரு கம்பனி காணியைத் துண்டு துண்டாக விற்று, கேட் போட்டு, ரோட்டுக்கும் லைட்டுக்கும் மாதம் காசு கேட்கிறது. இதே சட்டமா?

பதிவுப் புத்தகம்

இல்லைங்க. தனித்தனிக் காணித் துண்டு, கூட்டாதன வரைபடம் இல்லை என்றால் அங்கே முகாமைத்துவக் கூட்டுத்தாபனமும் இல்லை. நீங்கள் கட்ட வேண்டுமா என்பது உறுதியிலும் விற்பனை ஒப்பந்தத்திலும் என்ன எழுதிக் கையொப்பமிட்டிருக்கீங்க என்பதைப் பொறுத்தது. பிரிவிடல் வரைபடத்தில் அந்த ரோட்டைப் பிரதேச சபைக்கு ஒப்படைத்ததாக இருக்கா என்று சபையில் கேளுங்க. ஒப்படைத்திருந்தால் ரோட்டைப் பராமரிக்கிறது சபை வேலை, கம்பனி அதற்குக் காசு கேட்க முடியாது. வரைபட இலக்கத்தோடு தனித் திரி ஒன்று போடுங்க, அங்கே பார்ப்போம்.